பின்தாங்கி

அன்று வண்டியடியில் நின்றவர்கள்: நான். என் மச்சான், மனைவியின் தம்பி. ஊதல் அண்ணை. பின்பெட்டியில் கயிறு போட்டுக் கட்டிய நாலு கிடாரம் கல்யாணச் சாப்பாடு.

ஒஸ்லோவில் பெற்றோலை நாக்கில் வைத்து எந்த நிலையத்தில் அடித்தது என்று சொல்லக்கூடிய ஆள் ஊதல் அண்ணை ஒருவர்தான். சரியோ என்று பார்க்க எங்களுக்கு அப்படி நாக்கு இல்லை. ஆகவே அவர் ஒருநாளும் பிழை விட்டதில்லை.

பெற்றோல் குழாய் அடைத்தால் மற்றவர்கள் காற்றடிப்பார்கள். அவர் கழற்றி வாயால் ஊதுவார். பெயர் அப்படி வந்தது. சொந்தப் பெயர் வரிக் கந்தோருக்குத்தான் தெரியும். அவர் பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைப்பதில்லை.

வண்டி பழைய அமெரிக்கப் பிக்கப். மச்சானைவிட வயது கூட. முன்னுக்கு ஒரு பெற்றோல் தாங்கி, பின்னுக்கு ஒன்று. எதிலிருந்து எடுப்பது என்பதற்கு இருக்கைக்குக் கீழே ஒரு திருகி. மீற்றர் முள் எப்போதும் அரைவாசியில் நிற்கும். நிரம்பினாலும் அரைவாசி, வற்றினாலும் அரைவாசி. அதனால் அவர் ஒரு பிளாஸ்ரிக் தடியை விட்டுத்தான் அளப்பார்.

கல்யாணம் என் தங்கச்சிக்கு. மண்டபம் நகரத்தின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில். சமையல் ஒஸ்லோவின் நடுவில், குறொன்லாண்டில். சமையல்காரரின் வான் காலையில் படுத்துவிட்டது. ஊதல் அண்ணை கேளாமலே பிக்கப்போடு வந்து நின்றார். தடி விட்டு அளக்கப் போனவரை மச்சான் விடவில்லை. நேரமில்லை என்று பிடித்து ஏற்றினான்.

மண்டபத்துக்குக் கடைசி ஏற்றம். வண்டி இரண்டு தரம் இருமியது. நின்றது.

மாப்பிள்ளை வீட்டார் பேர்கனிலிருந்து வந்திருந்தார்கள். சாப்பாடு பிந்தினால் பத்து வருசம் கதைப்பார்கள். மச்சான் அதைச் சொன்னான். பிறகும் சொன்னான்.

ஊதல் அண்ணை வேட்டியை மடித்துக் கட்டினார். காபரேற்றரைத் திறந்து பார்த்தார். உள்ளே காய்ந்து கிடந்தது. பெற்றோல் வடியைக் கழற்றி வெயிலுக்குப் பிடித்தார். சுத்தம். அடுத்தது பம்ப். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்தார். உள்ளே பெற்றோல். ஊரில் யுத்தத்தால் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். நாலு சொட்டுப் பெற்றோல் விட்டால்தான் அது உதைக்கு எழும்பும். ஒஸ்லோவுக்கு வந்து பத்து வருசமாகியும் போத்தல் பையை விட்டு இறங்கவில்லை. கல்யாணத்துக்கும் கொண்டு வந்திருக்கிறார்.

பம்பின் குழாயைப் போத்தலுக்குள் விட்டு என்னை ஸ்ராட் அடிக்கச் சொன்னார். பம்ப் போத்தலை உறிஞ்சிக் குடித்தது. பம்பும் சுகம்.

கடைசியாகத் தாங்கிக்குப் போகும் குழாயைக் கழற்றினார். மச்சானை முன்தாங்கியில் காது வைக்கச் சொன்னார். தான் ஊதினார்.

"என்ன கேக்குது?"

"காத்து."

"கொப்புளிக்கேல்லையோ?"

"இல்லை அண்ணை. வெறும் காத்து."

தடியை விட்டு எடுத்தார். காய்ந்து வந்தது. வண்டியில் ஒரு பழுதும் இல்லை. பெற்றோல்தான் இல்லை. இதைக் கண்டுபிடிக்க முக்கால் மணித்தியாலம்.

பின்தாங்கி எப்படி என்று கேட்டேன். கழுத்துமட்டும் நிரம்பிக் கிடக்குது என்றார்.

"அப்ப திருப்புங்கோவன்."

"அது அவசரத்துக்கு."

"இது அவசரமில்லையோ?"

"இது கலியாணம்" என்றார்.

பகிடி விடவில்லை. இருக்கைக்குக் கீழே பார்த்தேன். திருகியைச் செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். அவருடைய வண்டி வழியில் நின்றால், பனியென்றாலும் பெற்றோல் கானைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு நடப்பார். இப்போதும் கானை எடுத்தார். நடந்தார். போய்வர ஒரு மணித்தியாலம். மச்சான் வீதியோரத்தில் குந்தினான். "உந்த மனிசனை ஆர் மறிக்கிறது" என்றான்.

நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை. ஒன்றுதான் சொன்னேன்.

"அண்ணை, தங்கச்சி இரவு தொடக்கம் விரதம். இன்னும் வாயிலை ஒண்டும் வைக்கேல்லை."

நின்றார். திரும்பினார்.

"தண்ணி?"

"ஒரு மிடறு."

கானைக் கீழே வைத்தார். கழற்றியதெல்லாம் பூட்டினார். குறடெடுத்துக் கம்பியை வெட்டினார். திருகியைத் திருப்பக் கை கொஞ்சம் தயங்கியது. கண்டும் காணாததுபோல் நின்றேன். பழைய பெற்றோல். வண்டி வெள்ளைப் புகை கக்கி, ஊரையே எழுப்பிக்கொண்டு ஏறியது. தாலி கட்டி அரைமணியில் கிடாரங்கள் இறங்கின. பேர்கன்காரர் சோற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஊதல் அண்ணையின் பெற்றோல் மணத்தைப் பற்றி இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அடுத்த நாள் பின்தாங்கியைத் திரும்பக் கழுத்துமட்டும் நிரப்பிப் புதுக்கம்பி சுற்றினார்.

சில வருசத்தில் பிக்கப் உக்கி, பழைய இரும்புக்குப் போனது. அன்று இரண்டு கானோடு என் வாசலில் நின்றார். பின்தாங்கியில் கிடந்த பெற்றோல். "தம்பி, அவசரத்துக்கு வை" என்றார். மனைவி வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. என் காரில் ஊற்றினேன். கார் மூன்று நாள் இருமியது.

அந்த மூன்று நாளும் காருக்குள் இருந்து எண்ணிப் பார்த்தேன். அவர் பின்தாங்கியைத் திறந்தது தங்கச்சிக்கு ஒருதரம். என் மனைவிக்குப் பிரசவ வலி வந்த காலையில் ஒருதரம். மச்சான் வாகனம் ஓட்டும் சோதனைக்குப் பிந்தியபோது ஒருதரம். அது அவசரமோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

அவர் தனக்கென்று திறந்ததையும் எண்ணினேன்.

பூச்சியம்.