துணைக்கு வந்த அக்கா

எச்சில் வரவில்லை.

கணக்கு டீச்சர் கால் மணி நேரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயை வாயோரம் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். குழாயில் ஒரு கோடு இருந்தது. அதுவரை நிரப்ப வேண்டும். இருபத்தாறு வருஷமாக முதல் பெஞ்சுப் பிள்ளைகளின் முகத்தில் தாராளமாகத் தெறித்த எச்சில், இன்று எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன் என்றது.

"புளிப்பா எதையாவது நினைச்சுக்கோங்க டீச்சர்," என்றாள் நர்ஸ்.

டீச்சர் எலுமிச்சம்பழத்தை நினைத்தார். பலனில்லை. அதைவிடப் புளிப்பாக இருக்கட்டும் என்று தலைமையாசிரியரின் முகத்தை நினைத்தார். இருந்த ஈரமும் வற்றிவிட்டது.

"காலைல வாய் கொப்பளிச்சீங்களா?"

"மருந்துத் தண்ணில. நாலு தடவை."

"நாலு தடவையா? எதுக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு வர்றோம், சுத்தமா இருக்கணும்ல?"

குடிக்கு அடிமையானவர்களின் மூளையையும் மரபணுவையும் ஆராயும் பிரிவு அது. ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்து, ஒரே சோற்றைத் தின்று வளர்ந்த இருவரில் ஒருவர் குடிக்கிறார், மற்றவர் குடிப்பதில்லை. ஏன்? எச்சிலில் மரபணுவைப் பார்ப்பார்கள். பிறகு பெரிய உருளைக்குள் படுக்கவைத்து, குடிக்கும் கிளாஸின் படத்தைக் கண்டதும் மூளையில் எந்த இடம் துடிக்கிறது என்று படம் எடுப்பார்கள். ஆராய்ச்சிக்கு வருபவர்களில் குடிக்கிறவருக்குப் பன்னிரண்டு வாரம் இலவச சிகிச்சை, தனிக் கட்டில். ஆனால் குடிக்காத உடன்பிறப்பு ஒருவர் கூட வந்தே ஆக வேண்டும்.

அந்த நோட்டீஸைக் கொண்டுவந்தவன் தம்பிதான். "நீ வந்தாதான்க்கா சேர்த்துக்குவாங்க," என்றான். டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. தம்பி ஏசி மெக்கானிக். கையில் வேலையை எடுத்த நேரத்தைவிட கிளாஸை எடுத்த நேரம்தான் அதிகம். ஊரில் எந்தச் சாக்கடை எத்தனை அடி ஆழம் என்பது அவனைத் தூக்கித் தூக்கியே டீச்சருக்கு அத்துப்படி.

நாலு வருஷத்துக்கு முன்பு டீச்சரின் கணவர் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு தம்பியை மாடி அறையில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். வெளியே குடித்துவிட்டு விழுவதைவிட வீட்டிலேயே அளந்து குடிக்கட்டும் என்று பாட்டிலைத் தானே வாங்கி பீரோவில் பூட்டிவைத்தார். தினமும் சாயங்காலம் ஒரு கிளாஸ் மாடிக்குப் போகும். நடுவில் ஒருநாள், "வேண்டாம்க்கா, விட்டுட்டேன்," என்றான் அவன். டீச்சர் சிரித்தார். அவன் எத்தனை தடவை விட்டிருக்கிறான்! வழக்கம்போல கிளாஸ் போனது. வழக்கம்போல காலியாகத்தான் திரும்பி வந்தது.

சரக்கில் கலப்படம் இருக்குமோ என்று டீச்சர் முதலில் ஒரு மூடி மட்டும் ருசி பார்த்தார். அன்றைக்குக் கணவர் போனதற்குப் பின் முதல்முறையாக நன்றாகத் தூங்கினார். பிறகு தூக்கத்துக்காக இரண்டு மூடி. பிறகு மூடியை எண்ணுவதை விட்டுவிட்டார். அது குடி இல்லை. குடி என்பது தம்பி செய்வது.

இன்று காலையும் படபடப்பு தாங்காமல் கொஞ்சம். அதற்குத்தான் அந்த நாலு கொப்பளிப்பு.

நர்ஸ் குடும்ப மரம் வரைந்த ஒரு காகிதத்தை எடுத்தாள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். குடித்தவர்களைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும்.

"தாத்தா?"

"கறுப்பு."

"அப்பா?"

"நல்லா அழுத்திப் போடும்மா. அதுலயே போனாரு. எங்க வீட்டுல சதுரமெல்லாம் கறுப்பு, வட்டமெல்லாம் வெள்ளை."

அப்புறம் ஊதும் கருவி வந்தது. தம்பி ஊதினான். பூஜ்யம். பூஜ்யம் வாங்கிய பிள்ளையைப் பார்த்து டீச்சர் பெருமைப்பட்டது வாழ்க்கையிலேயே அன்றுதான். "பாரு, மனசு வச்சா உன்னால முடியுது," என்று அவன் தலையைத் தடவினார். தம்பி தரையைப் பார்த்தான்.

டீச்சர் ஊதினார். கருவி கத்தியது.

"கொப்பளிச்ச மருந்தா இருக்கும்," என்றார் டீச்சர் அவசரமாக.

"வாயில இருந்தா அரை மணில போயிடும். திரும்பப் பார்ப்போம்."

அந்த அரை மணியில் டீச்சர் ஆறு டம்ளர் தண்ணீர் குடித்தார். மூன்று மாடியையும் மூன்று தடவை ஏறி இறங்கினார். தான் மாட்டிக்கொண்டால் தம்பிக்குக் கட்டில் போய்விடும் என்ற பயம் அவரை நாலாவது முறையும் ஏற்றியது. திரும்பி வந்து மூச்சிரைக்க ஊதினார். கருவி முன்னைவிடத் தெம்பாகக் கத்தியது.

"இருமல் மருந்து குடிச்சேன். அதை மறந்துட்டேன்."

"இருமல் இருக்கா?"

டீச்சர் இருமிக் காட்டினார். ஒரு பொய்யை நிற்கவைக்க நாலு பொய்யை முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் இருமிய இருமலில் நர்ஸ் பயந்துபோய் நெஞ்சு டாக்டரைக் கூட்டி வந்துவிட்டாள். அவர் முன்னும் பின்னும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. கை ஏன் இப்படி நடுங்குது?"

"குளிர் டாக்டர். இந்த ஏசி எனக்கு ஒத்துக்காது."

"ஏசி ஓடவே இல்லியேக்கா," என்றான் தம்பி, வாய் சும்மா இருக்காமல். "சத்தத்தை வச்சே சொல்றேன். கம்ப்ரஸர் போயிடுச்சு."

டீச்சர் அவனை முறைத்தார். இவனுக்காகத்தானே இவ்வளவும்!

ஆராய்ச்சி டாக்டர் வந்தாள். சின்னப் பெண். டீச்சரின் பழைய மாணவிகள் வயது இருக்கும். கருவியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

"நிஜப் படம் இன்னிக்கு வேண்டாம் டீச்சர். சும்மா ஒத்திகை பார்ப்போம். படமே பிடிக்காத மெஷின்தான். படுத்துப் பழகிக்கோங்க."

படம் பிடிக்காத மெஷின் என்பதை டீச்சர் நம்பவில்லை. பரீட்சையை முன்கூட்டிச் சொல்லாமல் வைப்பது அவரே செய்கிற வேலை.

உருளைக்குள் கண்ணுக்கு மேலே ஒரு கண்ணாடி இருந்தது. அதில் படங்கள் வந்தன. மரம். நாற்காலி. சைக்கிள். அப்புறம் ஒரு கிளாஸ், பாதி நிறைந்து, வெளியே நீர் முத்துகளோடு.

டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"டீச்சர், கண்ணைத் திறங்க," என்றது ஒலிபெருக்கி. உள்ளே கேமரா இருப்பது அவருக்குத் தெரியாது. கண்ணை மூடிய பூனையின் கதைதான்.

திறந்தார். கிளாஸ் அங்கேயே இருந்தது. நாக்கடியில், காலையிலிருந்து எட்டிப் பார்க்காத எச்சில் இப்போது ஊறிக்கொண்டு வந்தது. மூளையில் எந்த இடமும் துடித்துவிடக் கூடாதே என்று மனதுக்குள் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தார். பதினேழாம் வாய்ப்பாடு. எந்தப் பையனும் தட்டுத் தடுமாறுவது அதில்தான். டீச்சர் தூக்கத்தில்கூடத் தடுமாறியதில்லை.

பதினேழு அஞ்சு எண்பத்தஞ்சு. பதினேழு ஆறு...

பதினேழு ஆறு...

வரவில்லை. கிளாஸ் மட்டும்தான் வந்தது. கண்ணில் வழிந்த நீர், படுத்திருந்ததால் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது.

வெளியே இழுத்தார்கள். டாக்டர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். வார்டு ஆயாம்மா முதுகுக்குத் தலையணை கொடுத்தார். தம்பி கதவருகே நின்றான்.

"டாக்டரம்மா, நான் ஒண்ணு சொல்லணும்," என்றார் டீச்சர். "கொப்பளிச்ச மருந்தும் இல்ல, இருமலும் இல்ல. நான் குடிக்கிறேன். தினமும். நாலு வருஷமா. காலைல கை நடுங்குது, ஒரு வாய் போட்டாதான் சாக்பீஸ் பிடிக்க முடியுது. போன வாரம் போர்டு பக்கம் திரும்பி நின்னுக்கிட்டே ஒரு பீரியட் முழுக்க ஓட்டினேன். பசங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறது கேட்டுச்சு. கேட்காத மாதிரி எழுதிக்கிட்டே இருந்தேன்."

டீச்சர் முந்தானையால் காதைத் துடைத்துக்கொண்டார்.

"என் வட்டத்தையும் கறுப்பாக்கிக்கோங்க. ஆனா நான் பொய் சொன்னதுக்காக அவனை வெளிய அனுப்பிடாதீங்க. எங்கப்பா மாதிரி அவனும் போயிடுவான். அவனுக்கு அந்தக் கட்டிலைக் குடுத்துடுங்கம்மா."

டாக்டரின் கண்ணும் கலங்கியிருந்தது. "இங்க ஒரு விதி இருக்கு டீச்சர். யாரையும் குடிக்கிறவங்கன்னு நாங்களா சொல்ல மாட்டோம். அவங்களேதான் சொல்லணும்."

"அவன் சொல்லிடுவான். சொல்லுடா. வாயைத் திறந்து சொல்லேண்டா!"

தம்பி முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். அவன் தோள் குலுங்கியது.

டாக்டர் தடுப்பதற்குள், போர்வையை டீச்சரின் தோளில் போர்த்தியபடி ஆயாம்மா சொன்னார்: "அவர் சொல்ல என்னம்மா இருக்கு, குடியை விட்டுத்தான் ரெண்டு வருஷமாச்சே, அந்தக் கட்டிலை உங்களுக்காகத்தான் ஆறு மாசமா நடையா நடந்து கேட்டுக்கிட்டிருந்தார்."