உஷா வீட்டுப் பப்பாளி

மொட்டை மாடியில் பியாட்ரிஸ் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப உதறிக்கொண்டிருந்தாள். தண்ணீர் எப்போதோ வடிந்துவிட்டது. கண்தான் மதில் சுவரைத் தாண்டி, உஷா வீட்டுப் பப்பாளி மரத்தில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

மரத்தில் ஒரு பழம். கொழுகொழுவென்று, ஞானஸ்நானத்துக்குத் தயாரான குழந்தை மாதிரி தொங்கியது.

"ஏங்க, இங்க வாங்க!"

கணவர் இராஜமாணிக்கம் மூச்சு வாங்க மேலே வந்தார்.

"அதப் பாருங்க."

"பப்பாளி."

"அது எனக்குத் தெரியாதா? சைஸைப் பாருங்க."

"சக்கத்தா இருக்கு" என்றார் அவர்.

பாராட்டாக வந்த அந்த ஒரு கன்னட வார்த்தைக்காக அவருக்கு அன்று மத்தியானம் ரசமும் சுட்ட அப்பளமும் மட்டுமே கிடைத்தன.

அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர்கள் போகும் தமிழ்ச் சபையில் அன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் காய், கனி, கோழி, கேக் என்று காணிக்கை வரும். ஆராதனை முடிந்ததும் கோவில் வாசலில் ஏலம். இவர் கொண்டுவந்ததை அவர் எடுப்பார், அவர் கொண்டுவந்ததை இவர் எடுப்பார். இருப்பதிலேயே பெரிய பழம்தான் ஏலத்தில் முதலில் வரும். பல வருஷங்களாக அந்த முதல் இடம் பியாட்ரிஸ் வீட்டுப் பப்பாளிக்கு.

போன வருஷம் அதைப் போட்டி போட்டு எடுத்தவளே இந்த உஷாதான். தூக்க முடியாமல் தூக்கிப் போனவளிடம், "பாத்து உஷா, இடுப்பு புடிச்சுக்கப் போவுது" என்று சபையே கேட்கும்படி சொன்ன சந்தோஷம் பியாட்ரிஸுக்கு இன்னும் தீரவில்லை. அந்த உஷாவுக்கு இப்போது இப்படி ஒரு பழமா?

மதில் மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்ன உஷா, மரத்துக்கு என்ன உரம் போடுற?"

"ஒண்ணும் போடலக்கா. பாத்திரம் கழுவுற தண்ணிதான். மரமே குப்ப கொட்டுற எடத்துல தானா மொளச்சது."

தானாகவா! பியாட்ரிஸ் தன் மரத்துக்கு மாட்டுச் சாணம் போட்டாள், மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினாள், தினமும் ஜெபமும் செய்தாள். பாத்திரத் தண்ணீர் குடித்த மரம் அதை ஜெயிக்குமா? அப்போதுதான் நினைவு வந்தது. உஷாவின் மகன் ரோஹன் ஹெப்பாளுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஜீன் ஆராய்ச்சி லேபில் வேலை பார்க்கிறான்.

சாயங்காலம் பாடகர் குழுப் பயிற்சியில், பக்கத்தில் நின்ற சோனியாவின் காதைக் கடித்தாள்.

"சும்னே கேக்குறேன் சோனியா. லேப்ல ஜீன மாத்திப் பழத்தப் பெருசு பண்றாங்களாமே? நம்ம ரோஹனும் லேப்லதானே இருக்கான்?"

சோனியாவிடம் ஒன்றைச் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். அதை நம்பித்தான் சொன்னாள்.

ஆனால் மறுநாள் காலையில் உஷா வீட்டு கேட்டில் வரிசை நின்றது.

"என்ன கூட்டம்?" என்று கேட்டாள் பியாட்ரிஸ்.

"லேப் பப்பாளிம்மா! சுகருக்கு மருந்த உள்ளயே வச்சு வளத்திருக்காங்களாம். எலயக் கொதிக்க வச்சுக் குடிச்சாப் போதுமாம்."

உஷா தலையில் அடித்துக்கொண்டு இல்லை என்றாள். "சீக்ரெட்டா வச்சிருக்காங்க" என்று மரியாதையோடு தலையாட்டினார்கள் ஜனங்கள். அத்தனை பேரும் உஷாவைப் பார்த்த பார்வை பொறுக்காமல், பியாட்ரிஸ் யார் யார் நிற்கிறார்கள் என்று வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். வரிசையில் நின்ற ஒரு வழுக்கைத் தலை அவளைக் கண்டதும் குனிந்தது.

"ஏங்க! நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"இல்ல... ஒரே ஒரு எல..."

வீட்டுக்கு இழுத்து வந்தாள். "லேப்ல செஞ்சது எதுவும் என் வீட்டுக்குள்ள வரக்கூடாது!"

"அப்ப ஃப்ரிட்ஜ்ல இருக்குற என் இன்சுலின்? மனுஷ ஜீன பாக்டீரியாவுக்குள்ள வச்சுத்தான் அதச் செய்றாங்கன்னு ரோஹன் சொன்னான்."

"அது மருந்து. இது பழம்."

"ரெண்டும் என் வயித்துலதானே எறங்குது?"

அன்று இரவும் ரசம்தான்.

சொன்னது தலைகீழாகிவிட்டதே என்று, சோனியாவிடம் வேறு ஒன்றைச் சொன்னாள். "அந்தப் பழத்துல அணில்கூட வாய் வைக்கிறதில்ல பாத்தியா? அணிலுக்குத் தெரியாதா எது நல்லதுன்னு?"

அந்தப் பேச்சு கோவில் தெருவைத் தாண்டும்போது ஒரு அணில் செத்திருந்தது. மார்க்கெட்டைத் தாண்டும்போது குடும்பத்தோடு செத்திருந்தது. போதகர் பயந்துபோய் ஜீன் மாற்றிய காய்கனி காணிக்கைக்கு ஆகுமா என்று சபை மண்டபத்தில் கூட்டம் போட்டார்.

"ஜீன் மாத்தினா என்ன தப்பு? பூச்சி மருந்து அடிக்கிறது கொறையும்ல?" என்றான் வாலிபர் சங்கத்து சஞ்சய்.

ஏலம் விடும் மூப்பர் அப்பாதுரை எழுந்தார். "அப்புறம் ஒவ்வொரு வெதைக்கும் கம்பெனிக்காரன் வாசல்ல போய் நிக்கணும் தம்பி. கடவுள் குடுத்ததுல கை வைக்காதீங்க."

"நேத்து கொட்டையில்லாத திராட்ச தின்னீங்களே அங்கிள்?"

"அதுவும் கடவுள் குடுத்ததுதான்."

"கொட்டைய எடுத்தது யாரு?"

அப்பாதுரை உட்கார்ந்தார். ரோஹன் பொறுமையாகச் சொன்னான்: "ஹவாய்ல ஜீன் மாத்தின பப்பாளி இருக்கு. நம்ம நாட்டுல அதுக்கு அனுமதியே இல்ல. நான் வேல செய்றது தடுப்பூசில. பப்பாளிக்கும் எனக்கும், தின்னுறதத் தவிர வேற சம்பந்தம் இல்ல."

"மாட்டிக்கிட்டா அப்படித்தான் சொல்லணும்" என்று முணுமுணுத்தாள் பியாட்ரிஸ், மூன்று பெஞ்சுக்குக் கேட்கும்படி.

உஷாவின் கண் கலங்கிவிட்டது. "டெஸ்ட் பண்ணிடுங்க பாஸ்டர். என் பழத்துக்கு இப்படி ஒரு பேரு வேணாம்."

ரோஹனுக்குச் சம்பந்தமில்லாத ஒரு லேபிலிருந்து லாவண்யா என்ற பெண் வந்தாள். உஷா மரத்து இலையைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு, "ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு மரத்து எல இருந்தா நல்லது" என்றாள்.

பியாட்ரிஸ் ஓடினாள். இருப்பதிலேயே அழகான இலையைப் பறித்து, கழுவி, துடைத்து, ஈஸ்டருக்கு விரிக்கும் மேஜைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"இது சுத்தமான மரம்மா. பரம்பரையா நல்ல மரம்."

"கழுவ வேண்டியதில்ல ஆன்ட்டி" என்றாள் லாவண்யா.

பண்டிகை ஞாயிறு. ஆராதனை முடிந்து ஏலத்துக்குக் கூட்டம் கூடியதும், லாவண்யா முன்னால் வந்து நின்றாள்.

"ஜீன் மாத்தல. சாதாரணப் பப்பாளிதான்."

ஒரே கைதட்டல். சஞ்சய் விசில் அடித்து, போதகர் முறைத்ததும் இருமினான். அப்பாதுரை உஷாவின் பழத்தைத் தூக்கி மேஜையில் முதலில் வைத்தார். பியாட்ரிஸின் பழம் ஒரு பூசணிக்கும் கால் கட்டிய கோழிக்கும் நடுவே கிடந்தது. கோழி அதை ஒரு கொத்து கொத்தியது.

பியாட்ரிஸால் அதற்கு மேல் முடியவில்லை.

"ஒரு நிமிஷம் பாஸ்டர்! டெஸ்ட்டு ஆயிரம் சொல்லட்டும், சந்தேகம் வந்தது வந்ததுதான். மரம் தானா மொளச்சதுன்னு அவளே சொல்றா. எங்கிருந்து வந்துச்சு? பெத்த தாய் யாருன்னே தெரியாத பழத்தயா பீடத்துல வைக்கிறது?"

"பெரிய பேஜாரா போச்சேம்மா" என்றார் அப்பாதுரை. பின்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. "இப்ப என்னதான் செய்யணும்ங்கற?"

"இந்த மரத்துப் பழமும் சரி, இதப் பெத்த தாய் மரத்துப் பழமும் சரி, இனிமே என்னைக்கும் இந்த ஏலத்துக்கு வரக்கூடாது. அந்தத் தாய் மரம் எவ வீட்டுல நின்னாலும் சரி! இப்பவே தீர்மானம் போடுங்க."

போதகர் தயங்கினார். உஷாதான் முதலில் கையைத் தூக்கினாள்.

"போட்டுடுங்க பாஸ்டர். அக்கா மனசு ஆறினாப் போதும்."

அவளே தூக்கிய பிறகு மற்றவர்களுக்கு என்ன? பிரியாணியை நினைத்து எல்லாக் கைகளும் உயர்ந்தன. இராஜமாணிக்கத்தின் கையை மட்டும் பியாட்ரிஸ் பிடித்துத் தூக்கிவிட்டாள். தீர்மானம் நிறைவேறியது.

உஷா தன் பழத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேஜையிலிருந்து விலகினாள். பியாட்ரிஸ் தன் பழத்தைக் கோழியிடமிருந்து மீட்டு, முந்தானையால் துடைத்து, கொத்துப்பட்ட பக்கத்தைப் பின்னால் திருப்பி, காலியான முதல் இடத்தில் வைத்தாள். ஒரு வருஷத்துக்கு வேண்டிய மூச்சை ஒரே மூச்சாக விட்டாள்.

பையை மூடிக்கொண்டிருந்த லாவண்யா நிமிர்ந்து போதகரைப் பார்த்தாள்.

"சார், அப்ப அந்தப் பழத்தையும் எடுத்துடணும்ல? ஒப்பிட்டுப் பாக்க இந்த ஆன்ட்டி ஒரு எல குடுத்தாங்களே, அந்த மரம்தான் உஷா ஆன்ட்டி மரத்துக்கு அம்மா."