முன்சக்கரச் சத்தமும் ஓர் ஏகமனதான தீர்மானமும்

மனிதகுல வரலாற்றில் ஒற்றுமைக்காக மிகவும் பாடுபட்டவர்கள் யார் என்பதற்கு இனி ஆராய்ச்சி தேவையில்லை. கொலோன் நகரின் ‘தமிழர் ஒன்றுபட்ட ஐக்கிய ஒன்றியம்’தான் விடை. பெயரிலேயே ஒற்றுமையை மூன்று தடவை வைத்திருக்கும் சங்கம் ஐரோப்பாவில் வேறு கிடையாது.

இந்த மாபெரும் அமைப்பின் சாதாரண அங்கத்தவர் செல்வரட்ணம். பேக்கரித் தொழிற்சாலையில் வேலை. யாருக்கும் ‘ஏலாது’ என்று சொல்லத் தெரியாதவர். 2006ஆம் ஆண்டு வசந்தத்தில் அவர் ஒரு கிட் கார் வாங்கினார். எழுபதுகளில் ஒரு ஜெர்மன்காரர், பழைய காரொன்றின் அடிச்சட்டத்தின் மேல், பெட்டி பெட்டியாக வந்த ஃபைபர் உடலைத் தன் கையாலேயே பூட்டி உருவாக்கிய சிவப்புத் திறந்த கார். பார்வைக்குப் பந்தயக் கார். பிரேக்கை மிதிக்கும்போதுதான் அதற்குத் தன் வயது நினைவுக்கு வரும். ஒரு சிக்னலில் மிதித்தால் அடுத்த சிக்னலில் நிற்கும். போதாததற்கு, சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முன்பக்கத்திலிருந்து ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம்.

“பிரேக்கை மாத்துங்கோ. அந்தச் சத்தத்தையும் நிப்பாட்டுங்கோ. அதுவரைக்கும் நான் ஏறமாட்டன்,” என்று மனைவி பேர்பெச்சுவா சொல்லிவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவரை ரைன் கரையோரமாகக் கூட்டிப் போகத்தான் செல்வரட்ணம் அந்தக் காரையே வாங்கியிருந்தார். ஆகவே முன்சக்கரங்களின் பழைய டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் பூட்டினார். கார் இப்போது சொன்ன இடத்தில் நின்றது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

இந்தக் கட்டத்தில் சங்கம் தலையிட்டது. அதன் விளையாட்டுப் போட்டிக்குத் தலைமை தாங்க நகரசபை உறுப்பினரான ஓர் அம்மையார் இசைந்திருந்தார்.

“அவவை உம்மடை காரிலைதான் கூட்டிக்கொண்டு வரவேணும்,” என்றார் தலைவர் ஆனந்தராசா. “ஆனால் இந்தச் சத்தத்தோடை ஏலாது. இது இனி உம்மடை சத்தம் இல்லை, செல்வரட்ணம். சமூகத்தின்ரை சத்தம்.”

உடனே ‘முன்பக்க ஒலி ஆய்வு உபகுழு’ நிறுவப்பட்டது. தலைவர் காரை ஓட்டினார். செயலாளர் ராசன் பக்கத்தில் அமர்ந்தார். வாகனத் தரிப்பிடத்தை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியதும், இடப்பக்கம் இருந்து ஓட்டியவர் சத்தம் இடப்பக்கம் என்றார். வலப்பக்கம் இருந்தவர் வலப்பக்கம் என்றார். விவகாரம் மீன் ரோல்ஸும் தேநீருமாக நிர்வாகக் குழுவுக்குப் போனது.

“கார்க்காரன் சொல்லட்டும். எந்தப் பக்கம்?” என்று கேட்டார் தலைவர்.

“எனக்கெண்டா நடுவிலை கேக்கிற மாதிரிக் கிடக்கு அண்ணை,” என்றார் செல்வரட்ணம்.

தலைவர் கடித்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார்.

“நடுவிலையோ?” ராசன் எழுந்து நின்றார். “இந்த நடுநிலைக்காரராலைதான் எங்கடை இனம் இண்டைக்கு இந்த நிலையிலை நிக்குது.”

மூன்றாவது கூட்டத்தில் சங்கம் அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவை எடுத்தது. இரண்டாக உடைந்தது. இடச் சத்தக்காரர் ‘தாய் ஒன்றியம்’ ஆனார்கள். வலச் சத்தக்காரர் ‘உண்மை ஒன்றியம்’ ஆனார்கள். கொலோனில் ஒற்றுமை இப்போது இரண்டு மடங்கு. ஒரே நாளில் இரண்டு விளையாட்டுப் போட்டிகள், ஒரே வீதியின் இரு பக்கத்து மைதானங்களில். அம்மையாரைத் தங்களிடம்தான் கொண்டுவர வேண்டும் என்று இருவரும் கேட்டார்கள். இருவருக்கும் செல்வரட்ணம் “ஓம்” என்றார்.

கவலையை மறக்க ஒரு சனிக்கிழமை காரை ஜாக்கியில் தூக்கி அடியில் புகுந்தார். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் கம்பியைக் கையால் ஆட்டினார். டொக் டொக். கம்பியின் இரு முனைகளிலும் ரப்பர் உக்கிப் போயிருந்தது. புது ரப்பர் போட்டு இறுக்கினார். சத்தம் போய்விட்டது. வாகனப் பரிசோதனையிலும் கார் தேறியது.

தலைவருக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னார்.

“இடப்பக்க ரப்பரும் பழுதோ?”

“ஓமண்ணை.”

“அப்ப நாங்கள் சொன்னதுதானே சரி.”

வலப்பக்கத்தைப் பற்றி ராசனும் இதையே கேட்டு, இதே முடிவுக்கு வந்தார்.

போட்டி நாள் வந்தது. முன்னால் அம்மையார், பின்னால் ஒடுங்கலான இருக்கையில் பேர்பெச்சுவா. மைதானங்கள் இருந்த வீதிக்குள் கார் திரும்பியது. அதைக் கண்டதும் இடப்பக்கத்திலிருந்து ஆனந்தராசா மாலையோடு வீதிக்குள் பாய்ந்தார். வலப்பக்கத்திலிருந்து ராசன் மாலையோடு பாய்ந்தார். நடுவீதியில் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்ற இருவருக்கும் காரைப் பார்க்க நேரமில்லை. செல்வரட்ணம் இயேசுவைக் கூப்பிட்டபடி பிரேக்கை மிதித்தார். கார் தலைவர்களுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

சிவப்புக் காரைப் பார்க்க இரு மைதானத்துப் பிள்ளைகளும் ஓடிவந்து ஒன்றாகச் சூழ்ந்துகொண்டார்கள்.

“எல்லாப் பிள்ளைகளும் வந்தாச்சா?” என்று அம்மையார் ஜெர்மன் மொழியில் கேட்டார்.

“யா, எல்லாரும்தான்,” என்றார் பேர்பெச்சுவா.

அம்மையார் இறங்கி, ராசனின் கழுத்தில் தொங்கிய விசிலை வாங்கி, பிள்ளைகளை அருகில் இருந்த மைதானத்துக்குள் நடத்திப்போய் ஊதினார். ஓட்டம் தொடங்கிவிட்டது. ஓடுகிற பிள்ளைகளில் எது தாய், எது உண்மை என்று பிரிக்க யாராலும் முடியவில்லை. பெற்றோரும் வேலியோரம் கலந்து நின்று கைதட்டினார்கள். மாலையில் அம்மையார் தமிழரின் ஒற்றுமையைப் புகழ்ந்து பேசிவிட்டு விடைபெற்றார்.

அடுத்த வாரம் இரு சங்கங்களும் வெவ்வேறு மண்டபங்களில் அவசரமாகக் கூடின. உடைந்த பிறகு முதல்முறையாக, ஒரு சொல்லும் மாறாமல், இரண்டும் ஒரே தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றின: நிர்வாகத்தின் முன் அனுமதியின்றித் தமிழ் மக்களை ஒன்றுசேர்த்த குற்றத்துக்காக, செல்வரட்ணம் அங்கத்துவத்திலிருந்து நீக்கப்படுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை ரைன் கரையோரம் கார் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. செல்வரட்ணம் செய்தியைச் சொன்னார். பேர்பெச்சுவா காற்றில் பறந்த சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

“ரெண்டு பேரும் நடுறோட்டிலைதானே நிண்டவை,” என்றார். “பழைய பிரேக்கா இருந்திருந்தா இந்தத் தீர்மானம் நிறைவேறியிராது.”