துண்டுக்குள் நூற்றெட்டு

பெண் கேட்கப் போகிறவன் எவனாக இருந்தாலும் ஏதாவது ஒரு பொய் சொல்வான். வயசைக் குறைப்பான், நிலத்தைக் கூட்டுவான். நமசிவாய மந்திரத்தின் மேலேயே பொய் சொல்லிப் பெண் கேட்டவன் மதுரை ஜில்லாவில் நான் ஒருத்தன்தான். (அப்போது திண்டுக்கல் மதுரை ஜில்லாவில் இருந்தது.) அதிலும் நான்தான் முதல்.

மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டவன் நான். ஆனாலும் இருபத்தைந்து வயசில் திண்டுக்கல் மாட்டுச் சந்தையில் என்னை மிஞ்சிய தரகன் கிடையாது. மாடு வாயைத் திறக்குமுன் அதன் வயசைச் சொல்லிவிடுவேன். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. தோள் துண்டை எடுத்துக் கைமேல் போட்டு, அந்த மறைவுக்குள் விற்கிறவரின் விரலைப் பிடிப்போம். பிடிக்கிற விரல்தான் கணக்கு, விரல் கூடினால் விலை கூடும். அவர் கையை இழுத்தால் பத்தாது என்று அர்த்தம். திருப்பி அழுத்தினால் முடிந்தது பேரம். முகம் மட்டும் கல் மாதிரி இருக்க வேண்டும்.

அப்படி ஒரு காளைக்கு விலை பேசத்தான் சித்தையன்கோட்டை வேலாயுதம் ஐயா வீட்டுக்குப் போனேன். காளையின் வாயைப் பிளந்து, வயசுக்குப் பல்லை எண்ணி, “நாலு பல்லு” என்றேன். தொழுவத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“ஆறு பல்லு. நல்லாக் குனிஞ்சு பாருங்க.”

குனிந்து பார்த்தேன். ஆறுதான். குரலுக்குச் சொந்தக்காரி கமலம், அவர் மகள். என் தொழில் வாழ்க்கையில் என்னைத் திருத்திய ஒரே ஆள். கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். காளையை மறந்தே போனேன்.

பெண் கேட்டு ஆள் விட்டேன். ஐயா நேரில் வரச் சொன்னார். போனதும் ஒரே கேள்விதான் கேட்டார். “தம்பி, ஜபம் உண்டா? தினமும் அஞ்செழுத்துச் சொல்ற ஆளுக்குத்தான் நான் பொண்ணு குடுக்குறது.”

“நானா? தினமும் ஆயிரத்தெட்டு! சந்தைக்குப் போற அன்னைக்கு ரெண்டாயிரம்!”

“அம்புட்டா!” என்றார். “அப்ப வெள்ளிக்கிழமை காலையில வாங்க. ரெண்டு பேரும் சேந்து உக்காருவோம். நான் வெறும் நூத்தியெட்டுதான்.”

வெள்ளிக்கிழமை செம்பட்டி வரை பஸ். அங்கிருந்து கூட்டாளி ஜோசப்பின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவனும் தரகன்தான்.

“ஏலே அப்பு, வாழ்நாள்ல ஒருவாட்டியாவது அதச் சொல்லியிருக்கியா?”

“இடி இடிச்சப்ப ஒருக்கா சொன்னேன்.”

“கர்த்தரே!” என்றான் ஜோசப்.

ஐயா குளித்து, நீறு பூசித் தயாராக இருந்தார். சிவன் படத்துக்கு முன்னால் ரெண்டு மணை. அவர் ஒன்றில், பக்கத்திலேயே நான் ஒன்றில். கமலம் கதவுக்குப் பின்னால் நிற்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. ஜோசப் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியாததா உங்களுக்கு,” என்று ஐயா மரியாதையாகச் சொன்னார். “உதடு அசையக்கூடாது, மனசு சொல்லணும். கட்டைவிரலால கணுக்கணுவா எண்ணிக்கிட்டே போகணும். எண்ணுற கை அடுத்தவுக கண்ணுல படக்கூடாது. அதுக்குத்தான் துண்டு.”

சொல்லிவிட்டு வலது கைமேல் துண்டைப் போட்டு மூடிக் கண்ணையும் மூடினார். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. துண்டுக்குள் விரல்வேலை பார்க்க எனக்கா சொல்லித்தர வேண்டும்?

முதல் பத்து அருமையாகப் போனது. இருபதில் கால் மரத்தது. முப்பதில் மனசு சந்தைக்குப் போய்விட்டது. முதல்நாள் ஒரு கிழட்டு மாட்டுப் பேரம் பாதியில் நின்றிருந்தது. அதை நினைத்தபடியே கண்ணை லேசாகத் திறந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். முகம் கல் மாதிரி இருக்கிறது. துண்டுக்குள் விரல் அசைகிறது.

பத்து வருஷப் பழக்கம்! என் கை என்னைக் கேட்கவில்லை. தானாக அவர் துண்டுக்குள் போய் ரெண்டு விரலைப் பிடித்தது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கையை இழுத்தார். பத்தாதாம். மூணு விரலைப் பிடித்தேன். மறுபடி இழுத்தார். நாலு. அப்போதும் இழுத்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“முழுக் கையும் குடுத்தாச்சு, இதுக்கு மேல கிடையாதுய்யா! பல்லு தேஞ்ச கிழட்டு மாட்டுக்கு வேற எவன் குடுப்பான்?”

வாசலில் சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது.

ஐயா கண்ணைத் திறந்தார். அவருக்கு முன்பல் ரெண்டு நிஜமாகவே இல்லை.

“எத்தனை எண்ணியிருந்தீக?”

“முப்பதுங்கய்யா.”

“தினமும் ஆயிரத்தெட்டுன்னீகளே?”

“பொய்யிங்கய்யா. இன்னைக்குத்தான் மொதத் தடவ.” (நான் இதுவரை சொன்னதிலேயே பெருமை கலக்காத பேச்சு அதுதான்.)

“எந்திரிங்க.”

எழுந்தேன். மரத்துப்போன கால் மடங்கி மறுபடி உட்கார்ந்தேன். கமலம் போச்சு என்று நினைத்தேன். அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

“ஏம்ப்பா, அவுக துண்டுக்குள்ள கைய விட்டப்பவே நீங்க கண்ணத் தொறந்திருக்கலாம்ல? மூணு வாட்டி எதுக்கு இழுத்துக்கிட்டே இருந்தீக?”

ஐயா சிவன் படத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

“உள்ளதுதான் தாயி. அந்தக் காளைக்கு இன்னும் விலை படியலையேன்னு என் மனசும் அங்கதான் நின்னுச்சு. ரெண்டு விரலுன்னதும் கோவம் வந்துருச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “தம்பி, அந்த மந்திரத்துக்கு அர்த்தம் தெரியுமா? என்னுதுன்னு ஒண்ணுமில்ல, எல்லாம் அவனுதுங்கிறதுதான். அதச் சொல்லிக்கிட்டே ரெண்டு பேரும் மாடு வித்திருக்கோம். நாப்பது வருசமாச் சொல்றேன், எனக்கே இன்னும் படியல. உங்களுக்கு முப்பதுல படியுமா? அடுத்த வெள்ளிக்கிழமையும் வாங்க. ரெண்டு முழம் தள்ளி உக்காருங்க.”

ஆறு மாசம் போனேன். ரெண்டு முழம் தள்ளியே உட்கார்ந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை நூற்றெட்டும் முடிந்தபோது சந்தை ஞாபகமே வரவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. (நான் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தது அந்த ஒரு தடவைதான்.) அந்தத் தையிலேயே கல்யாணம். கமலத்தின் கையை என் கையில் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டு, “மாப்பிள்ளை, இதுல பேரம் கிடையாது,” என்றார் மாமா. பந்தலே சிரித்தது.

இப்போது எனக்கு மூன்று லாரி, ஒரு அரிசி ஆலை. இன்றைக்கும் காலையில் நூற்றெட்டு சொல்கிறேன். வீட்டுக்கு யாராவது வந்தால், “இதெல்லாம் நானாச் சம்பாதிச்சது, என்னுது” என்று ஆரம்பிப்பேன். உடனே கமலம் என் தோளிலிருந்து துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, உள்ளே என் சுண்டுவிரலை மட்டும் பிடிப்பாள். என் பேச்சுக்கு அவள் போடுகிற விலை அதுதான். பேரப்பிள்ளைகள்கூடச் சிரிக்கும்.

நானும் ஐம்பது வருஷத்துக்கு மேலாக இழுத்துப் பார்க்கிறேன். ரெண்டாவது விரலுக்கு வரவே மாட்டேன் என்கிறாள்.