பொங்கியண்ணனுக்கு இரண்டு பிரஷர்

பொங்கியண்ணனின் ரத்த அழுத்தம் இந்த மாதமும் ஒழுங்காக இருந்தது. சிஸ்டர் மௌனிகாவுக்கு அதுதான் கவலை.

"போன வாரம் டாக்டர் பாத்தப்ப நூத்தி எண்பதுன்னு எழுதியிருக்காருங்க. இங்க நூத்தி இருபதுதானுங்க காட்டுது."

"உன்ற கை ராசியான கை அம்மிணி," என்றார் பொங்கியண்ணன், மாத்திரைக் கவரை மடியில் செருகிக்கொண்டே.

அந்தத் துணை சுகாதார நிலையத்தில் மௌனிகா பிரஷர் பார்க்கலாம். டாக்டர் எழுதிய மாத்திரையைக் கொடுக்கலாம். எழுதியதைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அது ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஏசுதாஸின் எல்லை. அவளுடைய ஒப்பந்தமோ இன்னும் சில மாதத்தில் முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆகவே எல்லைக்கு இந்தப் பக்கமே நின்று, சீட்டின் ஓரத்தில் 'இங்கு அழுத்தம் சரியாக உள்ளது. தயவுசெய்து மறுபடி பார்க்கவும்' என்று பணிவாக எழுதி அனுப்பினாள்.

டாக்டர் மறுபடி பார்த்தார். மாத்திரையை இரண்டாக்கினார்.

மௌனிகா போன் செய்தாள்.

"சார், ஒருவேளை மெஷின் கோளாறா இருக்குமோன்னு..."

"எந்த மெஷின் சிஸ்டரே? என்னோடதா, உங்களோடதா?"

"என்னோடதுதானுங்க சார்," என்றாள் அவசரமாக.

"அப்ப அதை மாத்துங்க."

புது மெஷின் வந்தது. இரண்டு மாத்திரையின் புண்ணியத்தில் அது இன்னும் குறைவாகக் காட்டியது.

அப்போதுதான் அவளுக்குப் படித்தது ஞாபகம் வந்தது. சிலருக்கு டாக்டரைக் கண்டாலே அழுத்தம் எகிறிவிடும்.

"ஏனுங்க, டாக்டரைக் கண்டாப் பயமுங்களா?"

"அவரு தலையே நிமிர மாட்டாராம் அம்மிணி. கையைப் பாப்பாரு, கம்ப்யூட்டரைப் பாப்பாரு, அவ்வளவுதான்."

"உள்ள போறதுக்கு முன்னால செத்த நேரம் மரத்தடியில உக்காந்து, நல்லதா எதையாவது நெனைச்சுட்டுப் போகோணுங்க."

"சொல்லிப்போடறேன் அம்மிணி," என்றார் அவர்.

இந்தத் தடவை மாத்திரை மூன்றானது.

நடவு நடந்துகொண்டிருந்த வயலில் பொங்கியண்ணனுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அவர் மனைவி சரஸ்வதியம்மாள் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"சேத்துல உக்காந்துட்டு எருமையாட்டம் முழிக்கறாரு அம்மிணி. எந்திரிக்கவே மாட்டேங்கறாரு."

மௌனிகா வயலுக்கே போய்ப் பார்த்தாள். மெஷின் காட்டிய தாழ்ந்த எண்ணைக் கண்டதும் எல்லை கில்லை எல்லாம் மறந்துபோயிற்று.

"மாத்திரை எல்லாத்தையும் நிறுத்துங்க," என்றாள்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். அதற்குள் சரஸ்வதியம்மாள் ரேஷன் கடை வரை செய்தியைக் கொண்டுபோயிருந்தாள்: "எங்க சிஸ்டரு டாக்டரையே அடிச்சுத் திருத்திப்போட்டா."

இரண்டு நாளில் ஜீப் வந்து நின்றது. டாக்டர் ஏசுதாஸ் கையில் ஒரு காகிதத்தோடு இறங்கினார்.

"மருந்தை நிறுத்த உங்களுக்கு யாரு அதிகாரம் தந்தது சிஸ்டரே? மெமோ ரெடியா இருக்கு. மொதல்ல அந்த ஆளைக் கூப்பிடுங்க."

தம்பி மோகனசுந்தரத்தின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து பொங்கியண்ணன் வந்து சேர்ந்தார். டாக்டர் தன் சொந்த மெஷினை எடுத்துக் கட்டினார். நூற்றுப் பதினெட்டு. அடுத்த கையில் கட்டினார். அதே நூற்றுப் பதினெட்டு.

"சார், உங்க வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கிட்டுப் பாருங்களேன்," என்றாள் மௌனிகா.

"எதுக்கு?"

"உங்களப் பாத்தா ஏறுதான்னு தெரிஞ்சுக்கலாமுங்க."

"நான் என்ன பூதமா?" என்றார். ஆனாலும் போட்டுக்கொண்டார். ஏறவில்லை.

"கொஞ்சம் மொறைங்க சார்."

டாக்டர் முறைத்தார். பொங்கியண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெஷினில் இன்னும் இரண்டு குறைந்தது.

டாக்டர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். மெமோவை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"இங்க நூத்திப் பதினெட்டு. என்கிட்ட வந்தா நூத்தி எண்பது, தொண்ணூறு. ஒரே ஆளுக்கு எப்படிய்யா ரெண்டு பிரஷர் இருக்கும்?"

சுவரில் சாய்ந்து நின்ற மோகனசுந்தரம் தலையைச் சொறிந்தார்.

"அண்ணனுக்கு வயல் வேலை ஒழியலீங்க சார். மாசாமாசம் சீட்டைக் கொண்டாந்து உங்ககிட்டக் கையை நீட்டுனது நானுங்க. மாத்திரை மட்டுந்தான் அண்ணன் திங்குறாரு."