தங்கள் பூட்டிய வீட்டில் என் மகளின் முதலாமாண்டு

வாசுதேவநல்லூர்,
ஆவணி, சனிக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான பிரேம்சிங் அத்தான் அவர்களுக்கு, சங்கரன்கோவில் தேவசுந்தரம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் மகள் ஜாய்லினும் இங்கே சுகம். ஜெயபாய் அங்கே சுகம். மும்பையில் தாங்களும் அக்காவும் சுகமாக இருக்கவும், மழைத் தண்ணீர் கடைக்குள் ஏறாமல் இருக்கவும் தினமும் ஜெபிக்கிறோம். புருஷன் இங்கே, பெண்டாட்டி அங்கே என்று எழுதியிருக்கிறானே என்று தாங்கள் யோசிப்பீர்கள். அந்த "இங்கே" எது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தாங்கள் உட்கார்ந்துகொண்டு மேலே படிப்பது நல்லது.

மாதம் ஒரு தடவை திறந்து காற்றாட விடும்படி என்னிடம் சாவி கொடுத்தீர்களே, அந்த வீட்டில்தான் இருக்கிறோம். ஆடி பிறந்ததிலிருந்து இருக்கிறோம். வீடு நன்றாகவே காற்றாடிவிட்டது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் மீன் கழுவுவாள், பக்கத்து ஃபிளாட்டில் நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தபால் ஒன்றுதான் ஒருவர் மட்டும் படிப்பது.

ஜாய்லின் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டது தங்களுக்குத் தெரியும். முதல் லிஸ்டில் பெயர் இல்லை. அவர்கள் ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு பெண்பிள்ளை, "கிட்டத்தட்ட உறுதிதான் சார், லெட்டர் வந்துரும்" என்றாள். நான் மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி மீட்டர் ரீடிங் எடுத்து, இந்த மே மாதம்தான் ஓய்வு பெற்றவன். என் வேலையில் கிட்டத்தட்ட என்ற பேச்சே கிடையாது. அதனால் அதை விட்டுவிட்டு உறுதி என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு நேராக பாஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவளை முன்னால் நிறுத்தி வழியனுப்பு ஜெபம் நடந்தது. அதன்பிறகு வாளிகள் வர ஆரம்பித்தன. ஹாஸ்டல் என்றால் வாளி என்று யாரோ ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்கள், அத்தான். சிவப்பு வாளி, நீல வாளி, மூடி போட்ட வாளி, எதற்கும் ஒரு கப். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரி இரண்டு வாளி இல்லை.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நம் சபைப் பெண்கள் நின்று பாட்டுப் பாடினார்கள். கோவிலுக்கு வந்தவர்களும் என்னவோ ஏதோவென்று நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டுச் சுமதி ஜெயபாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்டக்டர், "அழுது முடிச்சவங்க ஏறுங்க" என்றார். இவ்வளவு மரியாதையோடு புறப்பட்ட பஸ் கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டும்போது எனக்குப் போன் வந்தது. அதே பெண்பிள்ளை. "சார், ரெண்டாவது லிஸ்ட் தள்ளிப்போயிருக்கு. ஹாஸ்டல் ரூமும் இன்னும் ஒதுக்கல. இப்ப வந்துராதீங்க, மெசேஜ் வரும்."

"ஏம்மா, எங்கள வழியனுப்பி முடிச்சிட்டாவளே!" என்றேன்.

"யாரு சார் அனுப்புனது?"

"சபையார்."

போன் வைத்துவிட்டாள். ராஜபாளையத்தில் இறங்கி வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம். ஜாய்லின், "வாங்கப்பா, வீட்டுக்கே திரும்பிருவோம்" என்றாள்.

"ஏட்டி, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது? அந்தச் சுமதி அழுத அழுகை என்ன! அத நம்ம திருப்பிக் கொடுக்க முடியுமா?"

"அப்பம் எங்கனதான் போறது?"

கைக்குட்டையை எடுக்கப் பையில் கைவிட்டேன். தங்கள் வீட்டுச் சாவி வந்தது. தென்காசி பஸ் எதிரிலேயே நின்றது. ஆண்டவர் இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷனுக்கு வழி காட்ட மாட்டார் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

வந்தது வந்தாயிற்று, ஹாஸ்டல் வாழ்க்கைக்குப் பழக்கமாவது ஆகட்டும் என்று நானே வார்டனாகி சட்டம் போட்டேன். விடிய எழுந்திருக்க வேண்டும், அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும், ஆறு மணிக்கு மேல் கேட் தாண்டக் கூடாது. ஒரு வாரத்தில் சட்டம் எல்லாம் என் பக்கம் திரும்பிவிட்டது. "தட்டு கிடக்கு, யாரு கழுவுவா?" என்று மகள் கேட்கிறாள், வார்டன் கழுவுகிறார். சமையலும் வார்டன்தான். இதையெல்லாம் ஜெயபாய்க்குத் தினமும் போனில் சொல்லுகிறோம். அவள் ஹெட்மிஸ்ட்ரஸ், வாயில் பொய் வராது என்பது தாங்கள் அறிந்ததே. மகளுக்குப் பழகும்வரை நானும் கோயம்புத்தூரிலேயே தங்கியிருக்கிறேன் என்று ஊரார் அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். தனியாக இருக்கிறாளே என்று சுமதி தினமும் குழம்பு கொண்டுவருகிறாள், வந்தால் விசாரிக்கிறாள்.

"டீச்சர், ஹாஸ்டல் எப்படி இருக்காம்?"

"நல்ல காத்தோட்டமா இருக்காம்."

"சாப்பாடு?"

"சமைக்கவருக்கு அளவு தெரியல. ஒருநாள் உப்பு கூடிருது, ஒருநாள் உப்பே இல்ல."

"வார்டன் கண்டிப்பான ஆளா?"

"எங்கன! மத்தியானம் சாப்பிட்டதும் படுத்திருதாராம்."

"ஐயோ, பொம்பளப் பிள்ளைக ஹாஸ்டலுக்கு ஆம்பள வார்டனா?" என்று சுமதி நெஞ்சில் கை வைத்துவிட்டாளாம். ஜெயபாய், "வயசானவருதான், பயமில்ல" என்றிருக்கிறாள். ஒரு வார்த்தை பொய் இல்லை. சுமதி மறுநாள் கோழிக் குழம்பாகவே கொண்டுவந்துவிட்டாள்.

இனி நான் சொல்வதைக் கேட்டு தாங்கள் சிரிக்கக் கூடாது. இந்த வீட்டில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது, அத்தான். மலையிலிருந்து மேகம் இறங்கி வந்து தங்கள் எலுமிச்சை மரத்து மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. சாரல் விழுகிறதா இல்லையா என்று கையை நீட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஃபேன் போடுவதில்லை. நூறு யூனிட்டுக்குள் அடக்கிவிட்டால் பில்லே வராது, தங்களுக்கும் தெரியாது என்பது என் திட்டம். முன்வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்துவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் எத்தனையோ வீட்டு வாசலில் ஏறியிருக்கிறேன், மீட்டர் இருக்கும் சுவரைப் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறேன். ஒரு வாசலில்கூட உட்கார்ந்ததில்லை. என் வீட்டு வாசலிலும் உட்கார்ந்ததில்லை என்பது இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

சாயங்காலமானால் ஜாய்லின் படியில் உட்கார்ந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலைப் போனில் பார்த்து வாசிப்பாள். எந்தப் பாடம் கிடைத்தாலும் யோசித்து வைத்திருக்க வேண்டுமே. நிலவியல், கடலியல், மொழியியல், பட்டுப்புழு வளர்ப்பு, புள்ளியியல். போதாதென்று முதல் வருஷத்திலேயே விருப்பப் பாடம் என்று வேறு ஒன்று எடுத்துக்கொள்ளலாமாம். வானியல் இருக்கிறது, மண்பாண்டம் செய்வதுகூட இருக்கிறது. அவள் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க நான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வகுப்பிலும் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். கடலியலில் எனக்குக் கால் நனைந்தது. மொழியியலில் என்ன நடத்தினார்கள் என்று புரியவில்லை, ஆனாலும் ஜன்னலோரம் நல்ல இடம் கிடைத்தது. வானியல் வகுப்பு ராத்திரிதான் நடக்கும் என்று நானே முடிவு செய்து, மேகம் விலகினால் எழுப்பு என்று மகளிடம் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவேன். ஒருநாள் கனவில் எனக்கே ஹாஸ்டல் ரூம் ஒதுக்கியிருந்தார்கள். கதவைத் திறந்தால் உள்ளே குளம், குளத்துக்கு நடுவில் கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வாளி. நான் ரீடிங் குறித்துக்கொள்ளாமல் பேசாமல் படுத்துக்கொண்டேன்.

"அப்பா, ஒங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எனக்கென்ன மக்கா. நீ படிக்கப்போறது."

"சும்மா சொல்லுங்க."

"வானியலு. ஆனா ஒனக்கு ஒதவாது. நீ புள்ளியியல எடு, அதான் ஒனக்கு வரும்."

அவள் பிறந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. தாங்கள் அறிவீர்கள், எத்தனை வருஷம் காத்திருந்து பெற்றோம் என்று. அவள் வளர்ந்த பதினெட்டு வருஷமும் நான் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் தெருத்தெருவாக இருந்தேன். இந்த ஒரு மாதம்தான் என் மகள் என்ன பேசுகிறாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று உட்கார்ந்து பார்க்கிறேன். அவளுக்கு லிஸ்டில் பெயர் வராமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். ஒரு வருஷம் வீணாகிவிட்டால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன். காலையில் எழுந்ததும் மெசேஜ் வந்துவிட்டதா என்று கேட்கிறேன். இன்னும் வரல்லப்பா என்று அவள் சொன்னதும், தங்களிடம் மறைப்பானேன், மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு தகப்பன் இப்படி இருக்கலாமா? பாஸ்டரிடம் கேட்க முடியாது, அவர் கணக்கில் நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன்.

இப்போது இதையெல்லாம் எழுதக் காரணம் இருக்கிறது. நேற்று மத்தியானம் கட்டிலில் கிடக்கிறேன், யாரோ கேட்டைத் திறக்கிற சத்தம், பிறகு மீட்டரில் டார்ச் வெளிச்சம். பார்த்தால் இசக்கித்துரை. என்னிடம் வேலை பழகிய பையன், இப்போது இந்தப் பக்கம் ரீடிங் எடுக்கிற அசெசராக இருக்கிறான்.

"அண்ணாச்சி! நீங்க கோயம்புத்தூர்லயில்லா இருக்கியன்னு சொன்னாவ?"

"ரீடிங் என்னலே சொல்லுது?"

"நூத்த தாண்டிட்டு அண்ணாச்சி. பில்லு வரும். வீட்டுக்காரவுக போனுக்கு மெசேஜும் போயிரும்."

அடுத்தவன் ரீடிங் எடுக்க வரும் நாளைக்கூட மறந்து தூங்கியிருக்கிறேன், பாருங்கள். ஆனால் எங்கள் உபயோகத்தில் நூறு தாண்ட வழியே இல்லை. எல்லாச் சுவிட்சையும் அணைத்த பிறகும் மீட்டரில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. எங்கேயோ கசிவு இருக்கிறது, தாங்கள் வரும்போது நல்ல எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கவும். இன்னொன்று, வீடு கட்டியவன் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. முன்வாசல் நிலைக்கு மேலே ஒரு வெள்ளை உருண்டை பொருத்தியிருக்கிறீர்களே, துண்டு காயப்போட அது ஒன்றுதான் வசதியாக இருக்கிறது.

ஆகவே அத்தான், தங்களைக் கேளாமல் தங்கியதை மன்னித்து, லிஸ்ட் வரும்வரை, ஒருவேளை தீபாவளி வரைக்கும்கூட ஆகலாம், நாங்கள் இங்கேயே இருக்க உத்தரவு தரும்படி கேட்டுக்கொள்கிறேன். எலுமிச்சைக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறோம். அக்காவிடம் பக்குவமாகச் சொல்லவும். கர்த்தர் தங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, தங்கள் பூட்டிய வீட்டையும் திறந்த மனதையும் ஆசீர்வதிப்பாராக.

தங்கள் மைத்துனன்,
தேவசுந்தரம்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி ஜாய்லினிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள், பிறகு அந்த வெள்ளை உருண்டையிலிருந்து என் துண்டை எடுத்தாள். அது கேமராவாம், அக்காவே அவளிடம் போனில் சொன்னாளாம். கசிவும் அதுதானாம். தாங்களும் அக்காவும் மும்பையில் உட்கார்ந்து நாங்கள் வந்த நாளிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களாம். பார்த்துக்கொண்டிருப்பது என்றால், நான் துண்டைப் போட்டபிறகு கேட்டுக்கொண்டிருப்பது. குளிக்க நான் துண்டை எடுக்கும்போது மட்டும் படம் தெரியுமாம். அக்காவின் முகத்தில் நான் இனி எப்படி விழிப்பேன்?

மெசேஜும் போன வாரம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டதாம். புள்ளியியல். ஹாஸ்டல் ரூமும் ஒதுக்கியாயிற்று. திங்கட்கிழமை காலையில் போய்ச் சேர வேண்டும். என்னிடம் சொல்லாமல் அக்காவிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். "ஏட்டி, ஏன் மறைச்ச?" என்றேன். "நீங்க இப்பிடிச் சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்லப்பா. கடைசி நாள் வரைக்கும் இருந்துட்டுப் போறேன்னு அத்தைட்ட சொன்னேன். விருப்பப் பாடம் வானியல் எடுத்திருக்கேன். நோட்ஸ் அனுப்புதேன், நீங்களும் படிங்க" என்றாள். ஹாஸ்டலில் வாளி அவர்களே தருகிறார்களாம்.

நாளைக்குக் கிளம்புகிறோம். ஜெயபாய் ராஜபாளையத்தில் வந்து சேர்ந்துகொள்வாள். இந்தத் தடவை பாட்டு இல்லை, கூட்டம் இல்லை. சபையார் எல்லோரும் ஏற்கெனவே அழுது முடித்துவிட்டார்கள், பாக்கி நான் ஒருவன்தான். இந்தக் கடிதம் தங்களுக்குக் கிடைக்கும்போது அவளை விட்டுவிட்டு வாளிகளை எடுக்க நான் இங்கே திரும்பியிருப்பேன். துண்டை மறுபடி அதே இடத்தில் போட்டுவிடுவேன். உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் கேட்டால், அக்காவிடம் அந்த ஸ்பீக்கரை மட்டும் கொஞ்ச நேரம் அணைத்து வைக்கச் சொல்லவும்.