அண்ணி அலமாரியும் ஆஸ்பத்திரி லிஃப்ட்டும்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே அண்ணனும் பிள்ளைகளும் நலம் என்று உங்கள் தம்பி வாயிலாகத் தெரிந்துகொண்டேன். நீங்கள் நல்ல தெம்போடு இருப்பது, என் குரலைக் கேட்டதும் போனை வைக்கிற வேகத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். இதைப் பாதியில் கீழே வைத்தாலும் கோபம் ஆறியபின் மறுபடி எடுத்துப் படிக்கலாம் அல்லவா?

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் புது அலமாரிக்காக நான் வரைந்து தருகிற படத்தை வேண்டுமென்றே அகலமாக்கவில்லை. பக்கத்தில் ஃப்ரிட்ஜ் வைக்க வேண்டும், ஒரு சாண் குறை என்றீர்கள். அன்று சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்தபடி ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தைத் திறந்து குறைத்தேன். மறுநாள் ஆபீஸில் வேலை முடிந்ததும் அச்செடுத்து, மடித்து உங்கள் தம்பியிடம் கொடுத்தேன். நீங்கள் பிரித்துப் பார்த்தால் அலமாரி பழையபடியே அகலமாக இருக்கிறது. மறுபடி குறைத்தேன், மறுபடி அகன்றது. "அவளுக்கு என் வீட்டுச் சுவர் மேல என்னடா கோபம்?" என்று நீங்கள் அவரிடம் கேட்டீர்களாம். அந்தக் கேள்வி பெரியம்மா வீடு வரைக்கும் போய்விட்டதாம். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் சித்தி வீட்டுக்கும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

ஆனால் அண்ணி, அதே நாட்களில் ஆபீஸில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். லிஃப்ட்டில் ஆள் ஏறி நிற்கிற பெட்டியைக் கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. இப்போது கையில் இருப்பது ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட். அதற்குள் ஸ்ட்ரெச்சர் நுழைய வேண்டும். எங்கள் சாஃப்ட்வேரில் கதவு ஒரு ஃபைல், தரை ஒரு ஃபைல், கூரை ஒரு ஃபைல் என்று தனித்தனியாக வரைந்து ஒன்றாகச் சேர்ப்போம். ஒன்றைத் தொட்டால் அதைச் சார்ந்தவை எல்லாம் கூடவே நகரும்படி அவற்றுக்குள் உறவு போட்டு வைக்கலாம். கதவை அகலமாக்கினால் பெட்டி அகலும், பெட்டியைப் பார்த்துத் தரை அகலும், தரையைப் பார்த்துக் கூரை அகலும். உறவு என்று பெயர் வைத்தபோதே கல்யாணமான நான் உஷாராகி இருக்க வேண்டும். இந்த லிஃப்ட் தினமும் காலையில் ஒரு சாண் சுருங்கிக் கிடந்தது. நான் திருத்துவேன். மறுநாள் வந்து பார்த்தால் மறுபடி சுருங்கியிருக்கும். ஆஸ்பத்திரிக்காரர் வந்து ஸ்ட்ரெச்சரின் படத்தைக் கதவுக்கு நேரே வைத்துப் பார்த்தார். நோயாளி எழுந்து பக்கவாட்டில் நடந்து போனால் உண்டு, படுத்தபடி போக வழியில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத்தில் கொண்டுவர முடியாது.

நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. பக்கத்து மேஜைக்காரர் பொறாமையில் செய்கிறார் என்று நினைத்து அவரோடு பேசுவதை நிறுத்தினேன். பாவம், அந்த மனிதர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பேசிப் பார்த்தார். அந்த டீயையும் சந்தேகப்பட்டேன். கம்ப்யூட்டரை மாற்றினேன், சாஃப்ட்வேரை அழித்துத் திரும்பப் போட்டேன். போட்ட உறவுகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்தேன், எல்லாம் சரியாகவே இருந்தன. இதற்குள் லிஃப்ட் செய்வதற்கான இரும்புத் தகடு வந்து இறங்கிவிட்டது. மறுநாள் வெட்டியாக வேண்டும். "நாளைக்கும் இப்படியே இருந்தா நீ வேற இடம் பார்த்துக்கோம்மா" என்று முதலாளி சத்தம் போடாமல் சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. வீட்டுக் கடன் பாதி என் சம்பளத்தில் ஓடுவது உங்களுக்குத் தெரியும்.

கடைசி வழியாக, லிஃப்ட்டில் இருந்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தேன். கண்ணாடியைக் கழற்றினேன், கைப்பிடியைக் கழற்றினேன், கூரையை, தரையை, பக்கத் தகடுகளை. கடைசியில் கதவு மட்டும் தனியாக நின்றது, அப்போதும் ஒரு சாண் குறைவாகவே இருந்தது. அப்படியானால் குற்றவாளி லிஃப்ட்டுக்கு உள்ளே இல்லை, வெளியே இருந்து யாரோ இந்தக் கதவைப் பிடித்து இழுக்கிறார்கள். இதை யாரெல்லாம் உபயோகிக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரையே கேட்டேன். திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று, ஆஸ்பத்திரி லிஃப்ட். இன்னொன்று, அண்ணி அலமாரி.

முதலாளி அந்த நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். வாய்விட்டு வாசித்தார்.

"யாரும்மா இந்த அண்ணி?"

"என் வீட்டுக்காரரோட அக்கா சார்."

"ஆஸ்பத்திரி லிஃப்ட்டோட அகலத்தை இத்தனை நாளா அவங்களா முடிவு பண்ணிட்டிருந்தாங்க?"

நடந்தது இதுதான் அண்ணி. உங்கள் அலமாரிக்குக் கதவு வரையச் சோம்பல்பட்டு, லிஃப்ட்டுக்கு வரைந்து வைத்திருந்த இரட்டைக் கதவைக் கொண்டுவந்து மாட்டினேன். நகல் எடுத்ததாகத்தான் நினைத்தேன். கம்ப்யூட்டர் ஏதோ கேட்டது. அது கேட்கிற எல்லாக் கேள்விக்கும் படிக்காமல் ஆமாம் சொல்வது வழக்கமாகிவிட்டதால், அதற்கும் ஆமாம் சொல்லிவிட்டேன். நகல் எடுக்காமல் அந்தக் கதவையே இரண்டு இடத்திலும் மாட்டிவிட்டது. நான் சாயங்காலம் உங்களுக்காகக் குறைத்தால் நோயாளிக்கு வழி அடைபடும், காலையில் நோயாளிக்காக அகலமாக்கினால் உங்கள் ஃப்ரிட்ஜுக்கு இடம் போகும். நீங்களும் ஆஸ்பத்திரியும் ஒரே கதவை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தீர்கள், திட்டு முழுக்க எனக்கு விழுந்தது.

உறவை அறுத்து, அலமாரிக்குத் தனிக் கதவு கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை லிஃப்ட் சுருங்காமல் இருந்தது. தகடு வெட்டியாகிவிட்டது, ஸ்ட்ரெச்சர் நுழைகிறது, வேலையும் தப்பித்தது. முதலாளி போகிற போக்கில் உங்களை விசாரித்துவிட்டுப் போகிறார். ஆபீஸ் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், வருத்தத்தில் இல்லை. பக்கத்து மேஜைக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் குடித்தார். எனக்கு நிம்மதியாக இருக்கிறது அண்ணி. இனி உங்கள் பேச்சும் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டால் முழு நிம்மதி.

சரியான அளவில் அச்செடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தச்சரிடம் கொடுத்து வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அண்ணனுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு முத்தங்களையும் சொல்லவும். பெரியம்மாவுக்கு இந்தக் கடிதத்தையே காட்டிவிடவும்.

என்றும் உங்கள் அன்பை வேண்டும்,
தம்பி மனைவி

பின்குறிப்பு: இதை எடுத்துக்கொண்டு புறப்படச் சொன்னபோது, உங்கள் தம்பி செருப்பை ஒரு காலில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டார். என்ன என்றேன். நாம் இருவரும் சண்டை போடுவதைத் தாங்க முடியாமல், நம்மிடம் சொல்லாமல், போன வாரமே கையில் இருந்த ஒரு படத்தைத் தச்சரிடம் கொடுத்துவிட்டாராம். எந்தப் படம் என்று கேட்டேன், அவருக்கே தெரியவில்லை. தச்சருக்கு போன் போட்டு அளவு விசாரித்தேன். ஸ்ட்ரெச்சர் தாராளமாக நுழையும். அலமாரி தயாராகி, பாலிஷும் போட்டாகிவிட்டதாம். அண்ணி, இதுவரை நடந்ததெல்லாம் போகட்டும், இந்த விஷயத்தில் நாம் இருவரும் ஒரே கட்சி. இந்தப் பின்குறிப்பை அவருக்குக் காட்டாமல்தான் கவரை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். இப்போது அவர் உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். அக்கா நீங்கள், முதலில் நீங்கள் ஆரம்பியுங்கள். மிச்சம் இருந்தால் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.